பொது அடுப்பில் இடது பக்கம்

ஜெபினா கார் ஓட்டப் பழகியது நியூ ஜெர்சியில். ஆனால் எந்த ஊர்த் தெருக்களில் பழகினாய் என்று யாராவது கேட்டிருந்தால் அவளால் சட்டென்று பதில் சொல்லியிருக்க முடியாது.

எடிசனுக்கும் ஹைலண்ட் பார்க்குக்கும் நடுவில், ரூட் 27-ஐ ஒட்டி, மூடிக் கிடந்த ஒரு மரச்சாமான் கடை இருந்தது. அதன் பின்னால் நானூறு கார்கள் நிற்கும் அளவுக்குப் பார்க்கிங் லாட். ஒரு கார்கூட நிற்பதில்லை. தரையில் வெள்ளைக் கோடுகள் மட்டும், எழுதுவதற்கு முன் யாரோ ரூல் போட்டு வைத்தது போல, வரிசை வரிசையாகக் கிடந்தன. வியாழக்கிழமைகளில் பள்ளி விட்ட பிறகு சோலாஞ்ஜ் தன் பழைய கரோலாவை அங்கே கொண்டுவந்து நிறுத்துவார். இறங்கிச் சுற்றி வந்து, ஸ்டியரிங் பக்கத்தை ஜெபினாவுக்குக் கொடுப்பார். பின்சீட்டில், தொப்பியும் மப்ளருமாக, சோலாஞ்ஜின் அப்பா அர்மான் இருப்பார். எண்பத்தொரு வயது. வீட்டில் தனியாக விட முடியாததால் அவரும் வருவார்.

முதல் நாள் ஜெபினா திரும்பவே இல்லை. நேராகப் போனாள், பிரேக்கை மிதித்தாள், மறுபடி நேராகப் போனாள். சோலாஞ்ஜ் ஐம்பது வயதுக்காரர், பள்ளியில் பிரெஞ்சு ஆசிரியை. அவர் லெஃப்ட், ரைட் என்று சொல்லச் சொல்ல ஜெபினாவின் கைகள் இறுகிக்கொண்டே போயின. அப்போது பின்னாலிருந்து அர்மான் மெதுவாகச் சொன்னார்: "பொது அடுப்பில் இடது பக்கம்."

எந்த அடுப்பு என்று இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கைத்தடியால் மூன்றாவது விளக்குக் கம்பத்தைக் காட்டினார். அதுதான் அடுப்பாம். தெருவில் எல்லா வீட்டு ரொட்டியும் அங்கேதான் வெந்து வரும். மாவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம் உண்டு. அவர்கள் எல்கைம் வீட்டுக்கு விரலால் குத்திய மூன்று குழி. எட்டு வயதில் தலையில் ரொட்டிப் பலகையை வைத்துக்கொண்டு நான் அங்கே திரும்புவேன், நீயும் திரும்பு, என்றார்.

ஜெபினா திரும்பினாள். தலையில் ஏதோ பலகை இருப்பது போலக் கழுத்தை அசைக்காமல் திரும்பினாள். வண்டியும் குலுங்காமல் வந்தது.

அன்றிலிருந்து அந்த லாட், மொராக்கோவில் மெக்னெஸ் நகரத்து யூதர் தெருவாகிவிட்டது. ஐந்தாவது கம்பத்தில் கிணறு. கடையின் சரக்கு இறக்கும் மேடை, மரத்தச்சர்களின் சந்து. இரண்டு கோடுகளுக்கு நடுவில் வண்டியை நுழைக்க வேண்டுமானால், "கழுதை வருகிறது, சுவரோடு ஒட்டிக்கொள்" என்பார் அர்மான். ரிவர்ஸ் எடுப்பதை அவள் பழகியது ஒரு கல்யாண ஊர்வலத்துக்கு வழி விடுவதற்காக. கடைசி வரிசைக்கு அப்பால் ஒரு கம்பி வேலி இருந்தது. அங்கே மட்டும் எப்போதும் ஒரே வார்த்தை: "நில்." அதற்கு அந்தப் பக்கம் கல்லறைத் தோட்டமாம். பையன்களை உள்ளே விடமாட்டார்கள்.

அர்மானுக்கு ஒன்பது வயதில் அப்பா இறந்ததும், அம்மா அவரைப் பிரான்சில் மார்செய்க்கு, தன் அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டாள். அதனால் அர்மானின் ஊர் ஒன்பது வயதுப் பையனின் ஊர். கதவுகள் எல்லாம் உயரம். நாய்கள் எல்லாம் பெரிது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் கிடையாது.

*

ஜெபினா நாசரேத்துக்காரி. தாவரவியலில் எம்.எஸ்ஸி. கல்யாணமாகி வந்து எட்டு மாதம். எச்-4 விசாவில் வேலைக்குப் போக முடியாது. கணவன் ரூஃபஸ் ரயிலேறி மன்ஹாட்டனுக்குப் போய், இரண்டாயிரம் பிறக்கும்போது எந்தக் கம்ப்யூட்டரும் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தான். சனி, ஞாயிறு என்று எதுவும் இல்லை. அவள் பஸ் பிடித்து ஹைலண்ட் பார்க் நூலகத்துக்குப் போவாள். அங்கே அறிவிப்புப் பலகையில் ஒரு சீட்டு: பழைய குடும்பக் காகிதங்களின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆள் தேவை, பதிலுக்குப் பிரெஞ்சோ கார் ஓட்டவோ கற்றுத் தரப்படும். அவள் அந்தச் சீட்டை எடுத்தாள், படித்தாள், திரும்பக் குத்திவைத்தாள். நான்கு நாள் கழித்துத்தான் போன் செய்தாள்.

எந்த ஊர் என்று சோலாஞ்ஜ் கேட்டபோது நாசரேத் என்றாள். சோலாஞ்ஜ் ரிசீவரை மூடிக்கொண்டு உள்ளே யாரிடமோ பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சிரித்தது கேட்டது. பிறகு, எந்த நாசரேத் என்று கேட்டார். திருச்செந்தூர் போகிற வழியில் இருக்கிறது என்று ஜெபினா உண்மையைச் சொன்னாள்.

நேரில் போனபோது ஆன்ட்டி என்று கூப்பிட்டதும், நான் யாருக்கும் ஆன்ட்டி இல்லை, பெயர் சொல்லு போதும் என்றுவிட்டார். அவ்வளவு பெரியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. ஜெபினா மூன்று மாதம் எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே சமாளித்தாள்.

காகிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. பாரிஸில் இறந்துபோன, அர்மானின் சித்தப்பா மகன் ஒருவர் விட்டுப்போனது. கல்யாண ஒப்பந்தங்கள், தீர்ப்புகள், கடிதங்கள், எல்லாம் எபிரேய எழுத்தில். கோல்ட்ஃபார்ப் என்ற ஓய்வுபெற்ற பல் டாக்டர் அவற்றைப் படித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளில் ஆங்கிலக் குறிப்பு எழுதித் தபாலில் அனுப்புவார். குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு முப்பது வருடமாக இலவசமாக உதவி வருகிறவர். ஜெபினா அவரைப் பார்த்ததில்லை. அவருடைய கையெழுத்து சின்னதாக, நேராக, பல் வரிசை போல இருக்கும். அதைத்தான் அவள் கம்ப்யூட்டரில் ஏற்றினாள்.

காகிதம் ஒவ்வொன்றையும் எடுக்கும்போது மாவும் எண்ணெயும் கலந்த மெல்லிய வாசனை வரும். ஜன்னல் வழியே வரும் வெயில் குளிர்காலத்தில் மேசையின் பாதி வரைதான் எட்டும். அந்தப் பாதியில் அர்மானின் கைகள் இருக்கும். டைப் செய்துகொண்டே ஜெபினா அந்த ஊருக்குள் போய்விடுவாள். நீலக் கதவு. கதவில் தட்டுவதற்கு ஓர் இரும்புக் கை. உள்ளே முற்றத்தில் ஒருவர் தரையில் உட்கார்ந்து வழக்குக் கேட்கிறார். அவர்தான் ரபீ, யூதர்களின் மத குரு. ஞாயிறு பள்ளியில் கேட்ட அந்தச் சொல்லுக்கு ஒரு முகம் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. பஸ்ஸில் திரும்பும்போது ரூட் 27-இன் விளக்குகளுக்குப் பின்னால் அந்தச் சந்துகள் இருக்கும். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டு இரண்டு முறை ஓக் ட்ரீ ரோடு வரை போயிருக்கிறாள்.

அந்த ரபீயின் பெயர் மீமூன் எல்கைம். நீதி சொல்கிறவர். அர்மானின் தாத்தாவுக்கும் மீமூன் என்றே பெயர். அந்தத் தாத்தாவுக்குத் தாத்தாதான் ரபீ. குழப்பம் வராமல் இருக்க ஜெபினா கோப்புகளில் பெரிய மீமூன், சின்ன மீமூன் என்று போட்டுக்கொண்டாள்.

ஏன் இவ்வளவு தேடல் என்று அவள் கேட்கவில்லை. ஒருநாள் அர்மானே சொன்னார். அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். சாவதற்குள் ஒருமுறை ரபீயின் கல்லறைக்குப் போய் வீட்டுச் செய்தி சொல்ல வேண்டும். யார் பிறந்தார்கள், யாருக்குக் கல்யாணம், யார் ஊரைவிட்டுப் போனார்கள். கடைசியாகப் போனது சின்ன மீமூன். அடுத்த முறை அர்மானுடையது. "எழுபது வருடச் செய்தி பாக்கி இருக்கிறது" என்றார். சொல்லிவிட்டுத் தன் கையைப் பார்த்தார். அது சில மாதங்களாக நடுங்க ஆரம்பித்திருந்தது.

மே மாதம் ஒரு குழு மொராக்கோ போகிறது. சோலாஞ்ஜ் இரண்டு இடம் சொல்லிவைத்திருந்தார். இந்த வருடம் போகலாம், அடுத்த வருடத்தைப் பற்றிச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மெக்னெஸில் கல்லறைத் தோட்டத்தைக் கவனிக்கும் அலுவலகம் ஒரு கடிதம் எழுதியிருந்தது. 1880-இலிருந்து ஒரு பேரேடு இருக்கிறது, எந்த வரிசை, எத்தனையாவது கல் என்று அதில் இருக்கும். ஆண்டு வாரியாக எழுதியது, அதனால் ஆண்டைச் சொன்னால் தேடலாம். அதற்கு முந்தியவர்களுக்குப் பெயரோ எண்ணோ இல்லை. வெள்ளையடித்த மேடுகள்தான்.

ஆக எல்லாம் ஒரே ஒரு ஆண்டில் நின்றது. ஜனவரி கடைசியில் கோல்ட்ஃபார்பின் தாள் வந்தது. ரபீ மீமூன் எல்கைம்: மறைவு, 1871-க்கு முன்.

சோலாஞ்ஜ் அதை அப்பாவுக்குப் பிரெஞ்சில் சொன்னார். அர்மான் வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. பிறகு சொன்னது இவ்வளவுதான்: "எல்லோருடைய கல்லறைக்கும் முன்னால் நின்று ஒருவருக்கான செய்தியை எப்படிச் சொல்வது?"

பிப்ரவரி பதினெட்டு, வெள்ளிக்கிழமை, பயணத்தை உறுதி செய்யக் கடைசி நாள். ரத்து செய்துவிடு என்றார்.

அடுத்த வியாழன் அவர் பார்க்கிங் லாட்டுக்கு வரவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் துணைக்கு இருந்தாள். பனி கோடுகளை மூடியிருந்தது. லெஃப்ட் என்றார் சோலாஞ்ஜ். ஜெபினா திரும்பினாள். ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டினாள். அது வெறும் விளக்குக் கம்பமாக இருந்தது.

*

அந்தத் தாளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போதுதான் அவள் பின்பக்கத்தைத் திருப்பினாள். முன்பக்கம் மட்டும் போதும் என்று சோலாஞ்ஜ் சொல்லியிருந்தார். ஆனால் கல்லூரியில் உலர்ந்த செடிகள் ஒட்டிய தாள்களை அடுக்கிப் பழகியவளுக்குப் பின்பக்கம் பார்க்காமல் கை ஓயாது. பென்சிலில் ஒரு வரி இருந்தது. பேரனுக்கு மீமூன் என்று பெயரிட்டது 1871-இல். எனவே தாத்தா அதற்குள் இறந்திருக்க வேண்டும்.

எனவே என்ற சொல்லில் அவள் நின்றுவிட்டாள்.

அன்று மாலை ரூஃபஸ் சீக்கிரம் வந்திருந்தான். இரண்டாயிரம் பிறந்து, எந்தக் கம்ப்யூட்டரும் நிற்காமல், அவனுக்கு மூச்சு விட நேரம் கிடைத்திருந்தது. தோசை வார்த்துக்கொண்டிருந்தவனிடம் கேட்டாள்.

"அத்தான், ஒங்க ஞானஸ்நானத்தப்போ ஒங்க தாத்தா இருந்தாவளா?"

"இருந்தாவளாவா? முன் பெஞ்சே அவங்களுதுதான். சபை ஐயர் என்னயத் தூக்கிட்டு, 'தேவசகாயம்'னு கூப்பிட்டிருக்காரு. 'என்ன ஐயரே'ன்னு தாத்தா எந்திரிச்சு நின்னுட்டாங்களாம். கோயிலே சிரிச்சிருக்கு."

"அப்போ ரூஃபஸ்?"

"எங்கம்மா மாமனார் பேரச் சொல்லி, 'ஏல தேவசகாயம், பல்லு வெளக்குனியால'ன்னு கேக்க முடியுமா? அதான் வீட்டுக்கு ரூஃபஸ். இங்க வந்தா பாஸ்போர்ட்டப் பாத்து ஆபீஸ்ல எல்லாவனும் டேவ்ங்கான். தாத்தா பேரு டேவ்னு தாத்தாவுக்குத் தெரியாது."

அவள் பென்சில் வரியைப் பற்றிச் சொன்னாள். ரூஃபஸ் தோசைக் கரண்டியோடு திரும்பினான்.

"அப்போ ஒன் டென்டிஸ்ட் சொல்லுதபடி பாத்தா, எங்க தாத்தா நான் பொறக்கதுக்கு முன்னாடியே போயாச்சு. போன வாரம் போன்ல, அங்க மழையான்னு கேட்டது யாரு பிள்ள?"

"அவங்க வழக்கம் வேறயா இருக்கலாம். முப்பது வருசமா இதே வேலையா இருக்காரு. நான் செடி படிச்சவ. போயி என்னன்னு சொல்லுவேன்?"

"சொல்லாண்டாம். அந்த அங்கிள் ஜன்னலப் பாத்துட்டே இருக்கட்டும். நீ தோசையச் சாப்பிடு."

அவன் வேண்டுமென்றே அப்படிச் சொன்னான் என்று அவளுக்குத் தெரியும். தட்டைத் தள்ளிவைத்தாள்.

அன்றிரவு அவளுக்கு ஒரு கனவு வந்தது. மெக்னெஸின் சந்தில் ரொட்டிப் பலகையோடு போகிறாள். அடுப்பில் எல்லா ரொட்டியிலும் மூன்று குழி. எது எந்த வீட்டுடையது என்று கேட்கிறாள். அடுப்புக்காரர் முகத்தைக் காட்டாமல், கையைப் பார், என்கிறார்.

விழித்தபோது அவளுக்குக் கல்லூரி ஆய்வகம் நினைவுக்கு வந்தது. ஒரே பெயரில் இரண்டு தாள் வந்தால் பெயரை நம்பக்கூடாது. செடியைப் பார்க்க வேண்டும்.

திங்கட்கிழமை போனதும் பெட்டியிலிருந்து கையெழுத்துகளை எடுத்தாள். அந்த ஊர் ரபீக்கள் கையொப்பமிடுவது எழுத்துப் போலவே இருக்காது. பேனாவைத் தூக்காமல் வளையத்தின் மேல் வளையமாகச் சுற்றிச் சுற்றி, ஒரு கூண்டு போல, ஒரு கொடி போல வரும். உள்ளே எங்கோ பெயர் இருக்கும். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் அவள் பார்க்க மட்டும் செய்தாள்.

பாகற்கொடியின் பற்றுச்சுருளை உற்றுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அது ஒரு பக்கமாகவே சுற்றிக்கொண்டு போகாது. பாதி வரை ஒரு திசை, நடுவில் சின்னதாக ஒரு நேர்த்துண்டு, அப்புறம் எதிர்த் திசை. 1858-ஆம் ஆண்டுக் கல்யாண ஒப்பந்தத்தில் இருந்த கையெழுத்தும் அப்படித்தான் இருந்தது. ஏழு வளையம் வலப்பக்கமாக, ஒரு சின்ன நேர்கோடு, ஐந்து வளையம் இடப்பக்கமாக. கோல்ட்ஃபார்ப் அதில் "தாத்தா" என்று குறித்திருந்தார். 1893-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் "பேரன்" என்று இருந்தது. ஜெபினா லென்ஸை வைத்தாள். ஏழு வளையம், நேர்கோடு, ஐந்து வளையம். ஆனால் மை எங்கும் ஒரே சீராக ஓடவில்லை. ஒவ்வொரு வளையமும் விளிம்பில் நடுங்கியது. பேரனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இன்னொரு தாளையும் தேடி எடுத்தாள். 1905. அதிலும் "பேரன்". ஒன்பது வளையம், எல்லாம் ஒரே திசை, நேர்கோடு இல்லை, கோடு கம்பி போல உறுதி.

மூன்றையும் வரிசையாக வைத்துக்கொண்டு அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அடுத்த அறையில் அர்மான் இருமினார். எழுந்து போய்ச் சொல்லிவிடலாம். எழுந்தாள். தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். தப்பாக இருந்து, அந்த மனிதர் நம்பிப் போய், அங்கே ஒன்றுமில்லாமல் நின்றால்? மூன்று தாளையும் பிரதி எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். செவ்வாயும் சொல்லவில்லை. புதனும் சொல்லவில்லை.

*

வியாழக்கிழமை பனி உருகி, கோடுகள் திரும்பத் தெரிந்தன. மறுநாள் காலை ரத்து செய்ய வேண்டியதை மறந்துவிடாமல் இருக்க, சோலாஞ்ஜ் புறங்கையில் பேனாவால் எழுதியிருந்தார். ஜெபினா அதைப் பார்த்தாள். பிறகு கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். கார் ஓட்டும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மூன்றாவது கம்பத்தில், யாரும் சொல்லாமலே, இடது பக்கம் திரும்பினாள். திரும்பிக்கொண்டே, "சோலாஞ்ஜ்" என்றாள். முதல்முறையாக.

பிறகு தன் கணவனின் தாத்தா முன் பெஞ்சிலிருந்து எழுந்து நின்ற கதையைச் சொன்னாள். சோலாஞ்ஜ் சிரித்தார். எங்கள் ஊரில் தாத்தா உயிரோடு இருக்கும்போதே பேரனுக்கு அவர் பெயரை வைப்பார்கள், உங்கள் ஊரில் வைக்கமாட்டார்களா, என்று கேட்டாள். சாலையைப் பார்த்தபடியே பென்சில் வரியையும் சொன்னாள்.

வண்டி கிணற்றைத் தாண்டி, தச்சர் சந்தைத் தாண்டிப் போனது. கம்பி வேலி வந்தது. ஜெபினா தானாகவே நிறுத்தினாள்.

"எஞ்சினை அணை" என்றார் சோலாஞ்ஜ்.

அவர் சொன்னது இது. மொராக்கோவில் உயிரோடு இருப்பவரின் பெயரைத்தான் வைப்பார்கள். அது மரியாதை. ஆனால் போலந்து, ரஷ்யா பக்கத்து யூதர்களுக்கு அது அபசகுனம். உயிரோடு இருப்பவரின் பெயரைக் குழந்தைக்கு வைத்தால், அவர் சாக வேண்டும் என்று நினைத்தது போலாகும். கோல்ட்ஃபார்பின் ஆட்கள் அந்தப் பக்கம். தன் முன்னாள் கணவரின் ஆட்களும் அந்தப் பக்கம். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் பையன் பிறந்தபோது அர்மான், மீமூன் என்று வைப்போமா என்று ஒரே ஒரு முறை கேட்டார். மாமியார் அழுதே விட்டாள். இறந்துபோன ஒரு மாமாவின் பெயரை, தானியேல் என்று வைத்தார்கள். அதற்கென்ன, அழகான பெயர், என்று அர்மான் சொன்னார். ஆனால் இன்றுவரை பேரனை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. போனில்கூட "குட்டிப் பையா"தான். பையன் இப்போது ஆறடி உயரம்.

"நான் அந்தத் தாளின் பின்பக்கத்தைப் பார்க்கவே இல்லை" என்றார் சோலாஞ்ஜ். "பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். என்னைவிட இது யாருக்குத் தெரியும்?"

ஜெபினா பையிலிருந்து பிரதிகளை எடுத்துக் கொடுத்தாள். பாகற்கொடியைப் பற்றிச் சொல்லத்தான் ஆங்கிலம் போதவில்லை. விரலைக் காற்றில் சுற்றிக் காட்டினாள்.

வீட்டில் அர்மான் ஜன்னலருகே இருந்தார். பிரதிகள் வேண்டாம், அசலைக் கொண்டுவா என்றார். மேசையில் வெயில் பட்ட பாதியில் 1858-ஐயும் 1893-ஐயும் வைத்தார்கள். அவர் லென்ஸ் கேட்கவில்லை. விரலை மையின்மேல், படாமல், வளையம் வளையமாக ஓட்டினார். நேர்கோட்டில் நின்றார். திரும்பி எதிர்த் திசையில் ஓட்டினார். இரண்டாவது தாளிலும் அதே போல. ஆனால் அதில் அவர் விரல் நடுங்கியதா, மை நடுங்கியதா என்று ஜெபினாவால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டும் சேர்ந்தே நடுங்கின.

"இது கிழவன் கை" என்றார். "இருபத்திரண்டு வயதுக்காரனுக்கு இந்தக் கை எங்கே கிடைக்கும்?"

முன் பெஞ்சுக் கதையைச் சோலாஞ்ஜ் சொல்லக் கேட்டதும், ஜெபினாவிடம், உன் கணவருக்கு ஏன் இரண்டு பெயர் என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். தன் அம்மாவும் அப்படித்தானாம், தனக்கு வைத்த பெயரும் மீமூன்தானாம். வீட்டுக்குள் மாமனார் இருக்கும்போது மீமூன் என்று கத்த முடியுமா? ஒரு பிரெஞ்சுக் காலண்டரைத் திறந்து, கண்ணில் பட்ட பெயரை எடுத்தாளாம். அதுதான் அர்மான்.

1893-இல் ரபீ உயிரோடு இருந்தார். அதற்குப் பிறகு எந்த ஆண்டு என்று யாருக்கும் தெரியாது. அலுவலகத்துக்கு எழுதிப் பதில் வர மாதமாகும். பேரேட்டின் அந்தப் பக்கம் கிழிந்திருக்கலாம். கல் இடம் மாறியிருக்கலாம். சோலாஞ்ஜ் இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். அர்மான் மகளின் கையைப் பிடித்து, புறங்கையில் இருந்த பேனா எழுத்தை எச்சில் தொட்டுத் துடைத்தார்.

"மூன்று இடமாகச் சொல்" என்றார். "குட்டிப் பையனும் வரட்டும்."

கோல்ட்ஃபார்புக்கு அன்றே போன் செய்தார்கள். இன்னும் ஆறு மொராக்கோக் குடும்பங்களின் தாள்கள் என்னிடம் இருக்கின்றன, இப்போதே போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம்.

*

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கோடு இரைந்தது. சோலாஞ்ஜின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

பேரேட்டில் கிடைத்தது. மூன்று பேர் இரண்டு நாள் தேடினார்கள். 1897. ஒன்பதாவது வரிசை, பதினான்காவது கல். பேரனுக்கு அப்போது இருபத்தாறு வயது. ஒரே வீட்டில் இரண்டு மீமூன்களும் அத்தனை வருடம் இருந்திருக்கிறார்கள்.

தோட்டத்துக்குப் போகும் வழியை யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. அர்மான் முன்னால் நடந்தார். அடுப்பு இருந்த இடத்தில் இப்போது சைக்கிள் பழுது பார்க்கும் கடை. அங்கே நின்று, மூச்சு வாங்கி, இடது பக்கம் திரும்பினார். "நீ ஓட்டிய அதே வழி" என்றார் சோலாஞ்ஜ்.

கல்லில் எழுத்தே தெரியவில்லையாம். நூறு வருடச் சுண்ணாம்பு, ரொட்டி போல உப்பி வழவழப்பாக இருந்ததாம். அர்மான் கைக்குட்டையை நனைத்து அதன்மேல் விரித்தார். எடுத்தபோது ஈரத்தில் எழுத்து மங்கலாக மேலே வந்தது. பெயர், ஆண்டு. வெயிலில் காய்ந்ததும் மறுபடி வெள்ளையாகிவிட்டது. அவர் மறுபடி நனைத்தார்.

பிறகு 1927-இலிருந்து ஆரம்பித்தார். அப்பா இறந்தது, மார்செய், யுத்தம், யார் யார் மிஞ்சினார்கள், பாரிஸ், நியூ ஜெர்சி. ஒரு மணி நேரம் ஆனது. கடைசியில் பக்கத்தில் நின்ற பையனின் முழங்கையைப் பிடித்து முன்னால் இழுத்து, இவன் என் மகளின் மகன், என்றார். இவன் பெயர் தானியேல், என்றார்.

கோட்டின் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஜெபினா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். வாசலில் ரூஃபஸ் ஷூ போட்டபடி அவளையே பார்த்தான்.

அப்புறம் அர்மானின் குரல் வந்தது. வணக்கம் எதுவும் இல்லை.

"லாட்டில் உன்னை நில் என்று சொல்வேனே, அந்த வேலி. அங்கே ஒரு வாசல் இருக்கிறது. சின்னது. நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். குனிந்துதான் போக வேண்டும்."

செவ்வாய்க்கிழமை அவளுக்கு டிரைவிங் டெஸ்ட். திங்கள் மாலை, சோலாஞ்ஜ் விட்டுப்போன கரோலாவில் ரூஃபஸ் பக்கத்தில் உட்கார, கடைசியாக ஒருமுறை பழகப் போனாள். அடுப்பு, கிணறு, தச்சர் சந்து. அவன் ஒவ்வொன்றுக்கும், இங்க என்ன இருக்குன்னு சுத்துத, என்று கேட்டுக்கொண்டே வந்தான். வேலி வந்ததும் அவள் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, இறங்கினாள்.

"எங்க போற பிள்ள?"

"இந்தா வாரேன் அத்தான்."

கம்பி வேலியை ஒட்டி ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்தாள். அந்தப் பக்கம் புல்லும், மஞ்சள் பூத்த புளியாரையும், ஒரு கவிழ்ந்த தள்ளுவண்டியும் இருந்தன. வாசல் எதுவும் இல்லை. ஓரிடத்தில் கம்பி அடியில் வளைந்து, நாயோ பூனையோ போய் வரும் அளவுக்கு இடம் இருந்தது. ஜெபினா அங்கே கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தாள். பிறகு புடவையைத் தட்டிக்கொண்டு வந்து, வண்டியைக் கிளப்பி, கல்யாண ஊர்வலத்துக்கு வழி விட்டு ரிவர்ஸ் எடுத்தாள்.